பின்சக்கரம் துள்ளுவது ஏன்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்ற அறிவிப்பைப் பலகையில் கண்டபோது, அணுவைப் பற்றி எழுதலாமா, விண்வெளியைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவற்றைப் பற்றிப் படித்திருக்கிறேனே தவிர, தொட்டுப் பார்த்ததில்லை. கையில் எண்ணெய் ஒட்டத் தொட்டுப் பார்த்த பொருள் ஒன்று உண்டு. அது மோட்டார் சைக்கிளின் கிளட்ச். அதிலும் 'ஸ்லிப்பர் கிளட்ச்' என்னும் ஒருவகைக் கிளட்ச். அதை ஒருவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கப் போய் நான் பட்ட பாட்டையும் அதனால் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். பேராசிரியப் பெருமக்கள் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

என் தாய்மாமன் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் நான் அங்கேதான் இருப்பேன். அங்கிருந்து சிறிது தூரத்தில் இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தயப் பாதை இருக்கிறது. முன்னாளில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. பிறகு 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கெனத் தனிப் பாதையே அமைந்தது. ஒரு சுற்று 3.7 கி.மீ.; வளைவுகள் 12. பந்தயம் இல்லாத சில நாட்களில், கட்டணம் செலுத்தி, தோல் உடையும் தலைக்கவசமும் அணிந்து, பந்தய வீரர் அல்லாதவரும் தம் வண்டியை அங்கே ஓட்டலாம். இதற்கு 'டிராக் டே' என்று பெயர். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இப்படி ஓட்டுகிறார்கள். சாலையில் வேகமாகப் போய் எவர் மீதாவது மோதுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

சென்ற ஆண்டு, சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் 2013 ஆம் ஆண்டு டியூக் 390 ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டு வந்தார். ஒற்றைச் சிலிண்டர், 373 சி.சி. எஞ்சின். சாலையில் குறை எதுவும் இல்லை. டிராக்கில், நேர்ப்பாதை முடிந்து வளைவுக்காகப் பிரேக் பிடித்துக் கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் தடதடவென்று துள்ளுகிறதாம். ஒருமுறை அப்படியே வழுக்கி விழுந்து தோள்பட்டையில் அடியும் பட்டிருக்கிறது. "ஸ்லிப்பர் கிளட்ச் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க, நீங்களே நல்லதா ஒண்ணு பார்த்துப் போட்டுக் கொடுங்கண்ணே" என்றார். மாமா வாங்கி வைத்திருந்த கையேடுகள் எல்லாம் ஆங்கிலம். அவர் என்னைப் பார்த்து, "நீதான் மாப்ள படிக்கிற பிள்ளை, படிச்சுப் பார்த்து எதை வாங்கணும்னு சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் நான். அந்தச் சொல் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது.

கிளட்ச் என்பது என்ன என்று பிற துறை நண்பர்களுக்காக இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினோடு சுழலும் ஹவுசிங் ஒன்றும், கியர்ப் பெட்டியோடு சுழலும் சென்டர் ஒன்றும் உண்டு. ஹவுசிங்கில் பொருந்திய உராய்வுத் தட்டுகளும் சென்டரில் பொருந்திய எஃகுத் தட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட் வழியாக அந்த அடுக்கை நெருக்குகின்றன. நெருக்கினால் இரண்டும் சேர்ந்து சுழலும். கைப்பிடியை இழுத்தால் நெருக்கம் விட்டு, எஞ்சின் தனி, சக்கரம் தனி.

இப்போது துள்ளலுக்கு வருவோம். ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் எஞ்சின் வண்டியை இழுப்பதற்குப் பதிலாக, வண்டிதான் எஞ்சினை இழுக்க வேண்டியிருக்கிறது. மூடிய காற்று வழிக்கு எதிராகப் பிஸ்டன் உறிஞ்சுகிறது; உராய்வும் சேர்கிறது. இதுவே எஞ்சின் பிரேக்கிங். இந்தத் தடை கியர் விகிதத்தால் பெருகிப் பின்சக்கரத்திற்குப் போகிறது. அதே நேரத்தில் முன் பிரேக்கைப் பலமாகப் பிடித்தால் வண்டியின் பளு முன்னே சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் தோராயமானவை.

வண்டியும் ஆளும் சேர்ந்து 220 கி.கி. என்க. அதில் பாதி, 110 கி.கி., பின்சக்கரத்தின் மேல். சக்கரங்களுக்கிடையே நீளம் 1.37 மீ. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 0.6 மீ. உயரம். புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.9 பங்கு வேகத்தடை கொடுத்தால், முன்னே பெயரும் பளு 220 × 0.9 × 0.6 ÷ 1.37. ஏறத்தாழ 87 கி.கி. பின்சக்கரத்தில் மிஞ்சுவது 23 கி.கி.! நம் வகுப்புத் தோழன் ஒருவனின் எடையில் பாதிகூட இல்லை. டயரின் உராய்வுக் கெழு 1 என்றும் சக்கரத்தின் ஆரம் 0.3 மீ. என்றும் வைத்துக்கொண்டால், பின் டயர் தாங்கக்கூடிய திருப்புவிசை சுமார் 67 நியூட்டன் மீட்டர்தான்.

மறுபக்கம் பாருங்கள். இந்த அளவுள்ள எஞ்சின், ஆக்ஸிலேட்டரை மூடி உயர் சுழற்சியில் ஓடும்போது, 7 நியூட்டன் மீட்டர் எதிர்த்து நிற்கிறது என்று கொள்வோம். இரண்டாம் கியரில் மொத்த விகிதம் 15 என்றால் சக்கரத்தில் அது 105 ஆகிவிடுகிறது. தாங்குவது 67, வருவது 105. டயர் என்ன செய்யும்? வழுக்கும். வழுக்கியதும் இழுவை விட்டுப்போகும், உடனே மறுபடி பிடிக்கும், மறுபடி வழுக்கும். சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்துக் கரும்பலகையில் இழுத்தால் கிறீச்சிட்டுப் புள்ளி புள்ளியாகக் கோடு விழுமே, அதே கதைதான். சங்கிலியின் இழுவையும் பின் ஸ்பிரிங்கும் இதோடு சேர்ந்து ஆட, சக்கரம் தரையை விட்டே துள்ளுகிறது.

இத்தோடும் முடியவில்லை. கியரைக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டால், எஞ்சின் ஒரு நொடிக்குள் ஆறாயிரம் சுழற்சியிலிருந்து ஒன்பதாயிரத்துக்கு ஏற வேண்டும். அந்தச் சுழல் நிலைமத்தை ஏற்றிவிடும் வேலையும் பாவம், அந்த 23 கி.கி. பளு உள்ள டயருக்கே. தேர்ந்த ஓட்டுநர்கள் கியர் குறைக்கும் கணத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரு சிட்டிகை முறுக்கி எஞ்சின் வேகத்தைத் தாமே ஏற்றிக்கொள்வார்கள். அது ஒரு கலை. முன் பிரேக்கை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே அதே கையால் முறுக்க வேண்டும். எனக்கு இன்னும் கைவரவில்லை.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் பந்தய வண்டிகளில் எஞ்சின் பிரேக்கிங் மிகக் குறைவு என்பதால் இந்தத் தொல்லை பெரிதாக எழவில்லை. பெரிய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில்தான் எழுந்தது. ஹோண்டா நிறுவனம் 1983 ஆம் ஆண்டு வி.எஃப். 750 வண்டியிலேயே, எதிர்த்திசையில் தட்டுகளில் ஒரு பகுதி மட்டும் பிடிக்கும்படி ஒருவழிக் கிளட்சை வைத்தது. 2002 இல் மோட்டோ ஜி.பி. பந்தயத்தில் 990 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தபோது ஸ்லிப்பர் கிளட்ச் இன்றியமையாததாகிவிட்டது. இன்று நம் நாட்டுச் சாலைகளிலேயே அது சாதாரணம். 2013 இல் நிஞ்சா 300, 2018 இல் யமஹா ஆர் 15 இன் மூன்றாம் பதிப்பு, 2019 இல் நம் ஓசூரில் செய்யப்படும் அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்று வரிசையாக அதைப் பெற்றன. அண்ணனின் வண்டி அதற்கு முந்தைய பிறவி.

ஸ்லிப்பர் கிளட்ச் வேலை செய்யும் விதம் மிக அழகானது. மரை போட்ட டப்பா மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் திருகினால் மூடி கீழே இறங்கி இறுகும். மறுபக்கம் திருகினால் மேலே எழும்பும். ஸ்லிப்பர் கிளட்சில் சென்டர் ஒரே துண்டாக இராது. சரிவான முகங்கள் வெட்டிய இரு பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். எஞ்சின் சக்கரத்தை இழுக்கும்போது சரிவுகள் அடங்கிக் கிடக்கும். சக்கரம் எஞ்சினை இழுக்கும்போது ஒரு பகுதி மற்றதன் சரிவில் ஏறிப் பிரஷர் பிளேட்டைச் சற்றே தூக்குகிறது. நெருக்கம் குறைகிறது, தட்டுகள் வழுக்குகின்றன. முழுவதும் தூக்கிவிட்டால் எதிர்விசையே இல்லாமல் போய்விடும். விசை இல்லாவிட்டால் சரிவு மீண்டும் இறங்கிவிடும். ஆகவே அது நடுவில் ஓரிடத்தில் தானாகவே சமநிலை கொண்டு நிற்கிறது. கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரம் இல்லை. இரண்டு சாய்தளமும் சில ஸ்பிரிங்குகளும்தான்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. ஸ்லிப்பர் கிளட்ச் எஞ்சின் பிரேக்கிங்கை ஒழிப்பதில்லை. ஓர் எல்லைக்கு மேல் போகவிடாமல் தடுக்கிறது. அந்த எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பதே தேர்வின் முழுக் கேள்வியும். நம் கணக்கின்படி சக்கரத்தில் 67 க்குள், அதாவது எஞ்சின் அளவில் நான்கரை நியூட்டன் மீட்டருக்குள் அடங்கினால் டயர் தாங்கும். பெயர் பெற்ற கம்பெனி எது, விலை அதிகமானது எது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இத்தாலியின் எஸ்.டி.எம்., சுவிட்சர்லாந்தின் சூட்டர் எல்லாம் பந்தய உலகில் பெயர் பெற்றவையே. ஆனால் அவை எல்லா வண்டிக்கும் ஒரே கிளட்சைச் செய்வதில்லை.

நான் முதலில் பார்த்தது சரிவின் கோணம். சரிவு படுத்தாற்போல் இருந்தால் சிறிய எதிர்விசைக்கே பெரிய தூக்கும் விசை கிடைக்கும்; ஆனால் தூக்கும் உயரம் குறைவு. நிமிர்ந்திருந்தால் இதற்கு நேர்மாறு. சாய்தளச் சோதனையில் நாம் கண்டதே. கோணத்தை வாங்கிய பிறகு மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஸ்பிரிங்தான். ஆகவே மென்மையானது, நடுத்தரம், கடினமானது என்று ஸ்பிரிங்குகளைத் தனித்தனியே தரும் கிளட்சே டிராக்குக்கு ஏற்றது என்று முடிவு செய்தேன். ஒரே ஸ்பிரிங்கோடு வருவது, அளவு எடுக்காமல் தைத்த சட்டை.

இன்னொன்றும் கவனித்தேன். இக்காலத்து வண்டிகளில் வருவது பெரும்பாலும் 'அசிஸ்ட்' சேர்ந்த ஸ்லிப்பர். அதில் முன்னோக்கிய திசையிலும் சரிவுகள் உண்டு. அவை தட்டுகளை மேலும் இறுக்கும். அதனால் ஸ்பிரிங்குகளை மென்மையாக வைத்துக்கொள்ளலாம், கைப்பிடியும் இலகுவாகும். அந்த மென்மையான ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிச் சாதாரணக் கிளட்சில் போட்டால் வண்டி மேட்டில் ஏறாது. பாதி இதிலிருந்தும் பாதி அதிலிருந்தும் எடுத்துக் கலக்கக் கூடாது. ஒரே நிறுவனத்தின் பிந்தைய மாடல் கிளட்ச் முழுவதுமாகப் பொருந்துமானால் அதுவே மலிவான வழி. அப்பாச்சியில் ஸ்லிப்பர் வந்தபோது பழைய உரிமையாளர்களும் பொருத்திக்கொள்ள நிறுவனமே வழி செய்தது. போட்டியில் ஓட்டுபவர்கள் தம் வகுப்பின் விதிப் புத்தகத்தையும் பார்த்துவிட வேண்டும். சில வகுப்புகளில் இந்த மாற்றத்திற்கு அனுமதி இராது. கம்பி இல்லாமல் மின்முறையில் காற்று வழியைத் திறக்கும் புதிய வண்டி என்றால், கம்ப்யூட்டரே எஞ்சின் பிரேக்கிங்கைக் குறைத்துவிடும். கிளட்சை மாற்றும் செலவுக்கே வேலை இல்லாமலும் போகலாம்.

இவ்வளவும் படித்து, வெளிநாட்டுக் கிளட்ச் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். அண்ணன் பணம் கட்டினார், பெட்டி வந்தது. உள்ளே ஒரு சிறு கையேடு. தட்டடுக்கின் மொத்த உயரம் இன்ன அளவு இருக்க வேண்டும், 0.2 மி.மீ.க்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பழைய உராய்வுத் தட்டுகளே நன்றாகத்தான் இருந்தன. வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் தட்டின் தடிமன் எழுதியிருந்தது. அதை எடுத்துத் தட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினேன், எஃகுத் தட்டுகளையும் அப்படியே கூட்டினேன், கையேட்டின் அளவுக்குள் வந்தது. "சரியா இருக்கு மாமா" என்றேன். அவர் தட்டுகளைக் கையில் வைத்து ஒருமுறை தடவிப் பார்த்தார். "புக்குல அப்படித்தானே போட்டிருக்கு?" என்றார். "ஆமாம்" என்றேன். மாட்டிவிட்டார்.

டிராக்கில் மூன்றாம் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. நேர்ப்பாதையில் எஞ்சின் சத்தம் மட்டும் மேலே மேலே ஏறுகிறது, வண்டி போகவில்லை. எதிர்த்திசையில் வழுக்க வேண்டிய கிளட்ச் இரு திசையிலும் வழுக்கியது. அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. தட்டுகள் எல்லாம் போயின. அன்றைக்குக் கட்டிய கட்டணமும் போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டு, "அளவு எடுத்ததுல என் மேலதான் தப்பு சார். புதுத் தட்டு நானே போட்டுத் தர்றேன்" என்றார். திரும்பி வரும் வழியில் என்னைத் திட்டவில்லை. "எங்க தப்பிருக்கு மாப்ள?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கருகிய தட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, கல்லூரிக்கே கொண்டு வந்தேன். ஆய்வுக்கூடத்தில் எங்கள் பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்ல, அவர் பிற்பகலில் இருந்து அளந்துகொள்ள அனுமதித்தார். முதல் பருவத்தில் கண்ணாடித் தகட்டின் தடிமனை அளந்தோமே, அதே திருகு அளவி. உண்மையைச் சொல்வதானால் அன்று நான் அளக்கவில்லை. பக்கத்து மேசையின் அளவீடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டேன். சுழிப்பிழை என்றால் என்ன என்று இந்த முறைதான் கருவியைத் திருகிப் பார்த்துக் கற்றேன். அண்ணன் வண்டியில் அன்று கருகாமல் தப்பிய ஓரத் தட்டு ஒன்றை மூன்று இடங்களில் அளந்தேன். புத்தகத்தில் உள்ளதைவிட 0.1 மி.மீ.க்கும் சற்று அதிகமாகத் தேய்ந்திருந்தது. ஒரு தட்டில் அது ஒன்றுமில்லை. தலைமுடி ஒன்றின் பருமன்தான். எல்லாத் தட்டும் அப்படியே தேய்ந்திருந்தால் அடுக்கு முழுவதிலும் ஏறத்தாழ 0.8 மி.மீ. குறைவு. கையேடு விட்ட இடம் 0.2 மட்டுமே.

அடுக்கு குட்டையாகிவிட்டால், பிரஷர் பிளேட் தட்டுகளை நெருக்கும் முன்பே சென்டரின் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஸ்பிரிங்கின் விசை தட்டுகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. எந்தத் திசையிலும் பிடிப்பு இல்லை. அடுக்கு நெட்டையாகிவிட்டாலோ சரிவுகளுக்கிடையே வெற்றிடம் மிகுந்து, வழுக்கல் தாமதமாக, அதுவும் ஓர் உதறலோடு தொடங்கும். இதைச் சரிசெய்யத்தான் வெவ்வேறு தடிமனில் எஃகுத் தட்டுகள் கிடைக்கின்றன. புத்தகம் பொய் சொல்லவில்லை. அது புதுத் தட்டின் அளவைச் சொன்னது. நான் கையில் இருந்த தட்டைக் கேட்கவில்லை. மாமா தடவிப் பார்த்தபோது அவருடைய விரலுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றே இப்போதும் நினைக்கிறேன். நான் படித்தவன் என்பதற்காக அவர் தம் விரலை நம்பாமல் விட்டுவிட்டார்.

புதுத் தட்டுகள் வந்தன. இம்முறை ஒவ்வொன்றையும் அளந்து, அடுக்கி, மேலே பளு வைத்து மொத்தத்தையும் அளந்து, ஓர் எஃகுத் தட்டை மட்டும் மெல்லியதாக மாற்றியதும் எல்லைக்குள் வந்தது. எண்ணெயும் கவனிக்க வேண்டிய பொருள். நனைந்த கிளட்ச் ஆகையால் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று குறித்த மோட்டார் சைக்கிள் எண்ணெயே ஊற்ற வேண்டும். உராய்வைக் குறைக்கும் சரக்குகள் சேர்ந்த கார் எண்ணெயை ஊற்றினால், எவ்வளவு அளந்து மாட்டினாலும் வீண்.

அடுத்த டிராக் டேக்கு மென்மையான ஸ்பிரிங்கை மாட்டினோம், அதுவும் அண்ணன் கேட்டுக்கொண்டதால்தான். துள்ளல் அறவே நின்றது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. பிரேக்கை விட்டு வளைவுக்குள் திரும்பும்போது வண்டி தம்மைக் கேட்காமலே முன்னே ஓடுவதுபோல் இருக்கிறது, இரண்டு இடத்தில் கோட்டை விட்டு வெளியே போய்விட்டேன் என்றார். எஞ்சின் பிடித்து நிறுத்தும் என்று இத்தனை ஆண்டுகள் பழகிய உடம்புக்கு அந்தப் பிடி திடீரென்று இல்லாமல் போனது. மதியத்துக்கு மேல் நடுத்தர ஸ்பிரிங்கை மாட்டினோம். இப்போது பின்சக்கரம் லேசாக உரசிக்கொண்டே நேராக வந்தது. "இது போதும்ணே, இதைத் தொடாதீங்க" என்றார். கடினமான ஸ்பிரிங் உறை பிரிக்காமல் பெட்டியிலேயே கிடக்கிறது. மாலையில் பேட்டரி இறங்கிப்போய் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயன்றோம். சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டிய வேலை அல்லவா அது, கிளட்ச் நழுவிக் கொடுத்துவிட்டது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

அடுக்கின் உயரத்தை மாமா பட்டறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். டிராக் டே முடிந்து வரும் ஒவ்வொரு முறையும் பிரித்து அளந்து, கீழே அடுத்த எண்ணை எழுத வேண்டியது என் வேலை. இதுவரை மூன்று எண்கள் ஆகியிருக்கின்றன. மூன்றாவது, முதலாவதைவிட 0.06 மி.மீ. குறைவு.